முதல் விருப்பம்

ரெண்டாவது மாடி வீட்டைப் பார்க்கவா வந்தீங்க? உக்காருங்க சார். அந்த நாற்காலி ஆடும், இதிலே உக்காருங்க. சாவி செயலாளர்கிட்ட இருக்கு. மார்க்கெட் வரைக்கும் போயிருக்காங்க, வந்துடுவாங்க. நான் முன்னாள் செயலாளர், ஏகாம்பரநாதன். இங்கே ராக்கெட் சார்னு கேட்டாத்தான் தெரியும். முதுகுக்குப் பின்னாடி சொல்ற பேர்தான், ஆனா மரியாதையாத்தான் சொல்றாங்க.

குடிவர்றவங்க எல்லாம் தண்ணி எப்படி, வண்டி நிறுத்த இடம் இருக்கான்னு கேட்டுட்டுப் போயிடறாங்க. ஒரு கட்டிடத்திலே முதல்ல தெரிஞ்சுக்க வேண்டியது அது எப்படி ஆளப்படுதுங்கறதுதான். இந்த மீஞ்சூர் வட்டாரத்திலேயே விஞ்ஞான முறையிலே தேர்தல் நடத்தற அடுக்குமாடி இது ஒண்ணுதான். கொண்டுவந்தது யாருன்னு நான் சொல்லவேண்டியதில்லை. நேரம் இருக்குல்ல? சொல்றேன்.

நான் இன்சூரன்ஸ்ல முப்பது வருஷம் இருந்தேன். என் மனசு அதிலே இல்லை. என் மனசு மேலே. இங்கே மொட்டைமாடியிலே நின்னா கிழக்கே அனல்மின் நிலையத்தோட புகைபோக்கி தெரியும், வடக்கே திரும்பினா ஸ்ரீஹரிகோட்டாவிலே ஏவற ராக்கெட் தெரியும். உலகத்திலே எத்தனை பேருக்கு சார் இந்தக் கொடுப்பினை? ஒரு பக்கம் கரியை எரிச்சு மின்சாரம், ஒரு பக்கம் விண்வெளி. நடுவிலே நான். நடுவிலே நின்னு யோசிக்கிறவனுக்கு ஒரு கேள்வி வரணும். கோடிக்கணக்கான மைல் தாண்டிப் போற விண்கலம் சூரிய வெளிச்சத்திலே ஓடுது. அங்கே என்ன மின்வாரியமா இருக்கு? அது ஓடும்போது நம்ம லிஃப்ட் ஏன் ஓடக்கூடாது?

இதை நான் சங்கக் கூட்டத்திலே கேட்டேன். அப்போ செயலாளர் பிலோமினா டீச்சர். மூணாவது மாடி. பள்ளிக்கூடத்திலே விளையாட்டு டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவங்க. கழுத்திலே விசில் இல்லையே தவிர மத்ததெல்லாம் அப்படியே. அவங்க என்ன கேட்டாங்க தெரியுமா? "விண்கலம் பூமியோட நிழலுக்குள்ளே போயிட்டா அப்போ எதிலே ஓடும் சார்?" நல்ல கேள்வின்னு சொன்னேன். நல்ல கேள்வியைப் பாராட்டிட்டு மேலே போயிடணும், அதுதான் முறை. என் தீர்மானம் தோத்துப்போச்சு. ஜெனரேட்டர் நல்லாத்தானே ஓடுதுன்னுட்டாங்க. அது ஓடறப்போ மூணு தெருவுக்குக் கேட்கும், புகை நேரா எங்க சமையல்கட்டுக்கு வரும். ஆனா கரண்ட் போன உடனே ஓடும், அதை நான் மறுக்கலை.

அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது. எரிசக்தியை மாத்தணும்னா முதல்ல ஓட்டுப் போடற முறையை மாத்தணும். ஆணிவேர் அங்கே இருக்கு.

இங்கே பன்னிரண்டு வீடு. வீட்டுக்கு ஒரு ஓட்டு. ஒவ்வொரு வருஷமும் ரெண்டு கட்சி. ஒண்ணு பிலோமினா டீச்சர். இன்னொண்ணு வஜ்ரவேலு, கீழ்த்தளம், ஹார்டுவேர் கடை வெச்சிருக்கார். அவரோட கடை வேனை உள்ளே நிறுத்தலாமா கூடாதாங்கறதுதான் இந்தக் கட்டிடத்தோட வெளிநாட்டுக் கொள்கை மாதிரி. அதிலேதான் எல்லாரும் பிரிஞ்சு நிப்பாங்க. நடுவிலே நானும் நிப்பேன். எனக்கு ஒரு ஓட்டு விழும். அது எங்க வீட்டு ஓட்டு. இதிலே என்ன நியாயம் சொல்லுங்க? என்னை யாருக்கும் பிடிக்காம இல்லை. ஆனா எல்லாருக்கும் என்னைவிட ஒருத்தரைக் கொஞ்சம் அதிகமாப் பிடிக்குது. அந்தக் கொஞ்சத்துக்காக என்னை மொத்தமாத் தள்ளிடறது பழைய முறை.

அதனாலே விருப்ப வரிசை முறையைக் கொண்டுவந்தேன். சுலபம் சார். மூணு பேர் நிக்கறாங்களா? யாரை முதல்ல பிடிக்கும், யாரை அடுத்தது, யாரைக் கடைசியில, ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண் போடணும். முதல் விருப்பத்துக்கு மூணு மதிப்பெண், ரெண்டாவதுக்கு ரெண்டு, மூணாவதுக்கு ஒண்ணு. கூட்டி அதிகம் வாங்கினவர் செயலாளர். மூணு கூட்டத்திலே இதை விளக்கினேன். மூணாவது கூட்டத்திலே நான் கரும்பலகையைக் கொண்டுவந்து மாட்டும்போதே, "சார், ஒத்துக்கிட்டோம், அப்படியே வெச்சுக்கலாம்"னு எல்லாரும் ஒரே குரல்ல சொல்லிட்டாங்க. ஒரு கருத்து ஜனங்க மனசிலே போய்ச் சேர்ந்துட்டா அப்படித்தான், அதுக்கப்புறம் விளக்கமே தேவைப்படாது.

தேர்தல் வந்துச்சு. டீச்சர், வஜ்ரவேலு, நான். டீச்சருக்கு ஆறு பேர் முதல் விருப்பம். வஜ்ரவேலுவுக்கு அஞ்சு பேர். எனக்கு ஒண்ணு. ஆனா பாருங்க, டீச்சர் ஆளுங்க வஜ்ரவேலுவை ரெண்டாவதாப் போடுவாங்களா? வேன் கண்ணுக்குள்ளேயே நிக்குமே. என்னைப் போட்டாங்க. வஜ்ரவேலு ஆளுங்க டீச்சரைப் போடுவாங்களா? அவங்களும் என்னைத்தான். கூட்டிப் பார்த்தா எனக்கு இருபத்தஞ்சு, டீச்சருக்கு இருபத்துநாலு, வஜ்ரவேலுவுக்கு இருபத்துமூணு. ஒரே ஒரு மதிப்பெண் வித்தியாசத்திலே ஜெயிச்சேன். யாருக்கும் வேண்டாதவன் ஜெயிச்சுட்டான்னு வஜ்ரவேலு சொன்னாராம். அவருக்கு அந்த முறையோட ஆழம் புரியலை. எல்லாருக்கும் ரெண்டாவதா வேண்டியவன் சார் நான். அது லேசுப்பட்ட விஷயமா?

அந்த எங்க வீட்டு ஓட்டைப் பத்தியும் சொல்லிடறேன். வீடு என் சம்சாரம் வனஜா பேர்ல இருக்கு. அவ டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல வேலை பார்த்தா, அவளோட சம்பளத்துக்குக் கடன் சுலபமாக் கிடைச்சுது, அவளே கட்டி முடிச்சா, அதனாலே பேர் அப்படி இருக்கு. காகிதத்திலேதான். ஓட்டுச் சீட்டை நான்தான் நிரப்புவேன். அன்னிக்கு அடுப்படியிலேர்ந்து, "டீச்சருக்குப் போடுங்க, அவங்க நல்லாத்தானே பார்த்துக்கறாங்க"ன்னா. அவளுக்கு முறை புரியலை. எனக்கு ஒண்ணு, வஜ்ரவேலுவுக்கு ரெண்டு, டீச்சருக்கு மூணுன்னு போட்டுட்டு வந்தேன். அவ சொன்ன மாதிரி போட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு கணக்குப் போட்டுப் பாருங்க. மறுபடியும் ஜெனரேட்டர்தான்.

செயலாளர் ஆனதும் ரெண்டு சீர்திருத்தம். முதலாவது, வீட்டுச் சொந்தக்காரரே நேர்ல வந்து ஓட்டுப் போடணும், தனியா, ரகசியமா. டீச்சர் என்ன பண்ணுவாங்கன்னா, துபாய்ல இருக்கறவர், பெங்களூர்ல இருக்கறவர், எல்லாருக்கும் போன் பண்ணி அவங்க ஓட்டைத் தானே எழுதிடுவாங்க. இனிமே தேர்தல் அன்னிக்கு வந்தாத்தான் ஓட்டு. கணவனுக்காக மனைவி, மனைவிக்காகக் கணவன், அதெல்லாம் கிடையாதுன்னு நானே என் கையாலே எழுதினேன். டீச்சர் உடனே கை தூக்கி ஆதரிச்சாங்க. அது எனக்குக் கொஞ்சம் ஆச்சரியமா இருந்துச்சு.

ரெண்டாவது, சூரிய மின்சாரம். மொட்டைமாடி முழுக்க சோலார் பலகை போட்டேன். முழுக்கன்னா முழுக்க. துணி காயப்போட இடமில்லைன்னாங்க, வத்தல் போட இடமில்லைன்னாங்க. அதே வெயில்தான் அம்மா, நீங்க மிளகாய் காயவெக்கறீங்க, நான் எலெக்ட்ரானை ஓடவிடறேன்னு சொன்னேன். பலகை போட வந்த கம்பெனிக்காரங்க பேட்டரி வேணுமான்னு கேட்டாங்க. பேட்டரி பழைய காலத்து யோசனை. சூரியன் வானத்திலே இருக்கும்போது அதைப் பெட்டியிலே எதுக்கு அடைக்கணும்? வேண்டாம்னுட்டேன். ஜெனரேட்டரை வித்தாச்சு. வஜ்ரவேலுவே வாங்கிக்கிட்டார், அவர் கடைக்கு.

அந்தச் சமயத்திலே ஒரு ராக்கெட் ஏவினாங்க, சாயங்கால வேளையிலே. கட்டிடமே மேலே வந்துடுச்சு. பலகைக்கு நடுவிலே ஒரு சந்துதான் இருக்கும், அதிலே வரிசையா நின்னாங்க. சின்னப் பசங்க இருந்தாங்க, அவங்களுக்கு அடிப்படை தெரியணுமேன்னு ஆரம்பிச்சேன். திட எரிபொருள் எது, திரவ எரிபொருள் எது, ஏன் ஒவ்வொரு அடுக்காக் கழண்டு விழுது. எல்லாரும் வாயைப் பிளந்துகிட்டு என்னையே பார்த்தாங்க சார். அப்படி ஒரு கூட்டத்தை நான் பார்த்ததே இல்லை. வனஜா என் சட்டையைப் பிடிச்சு இழுத்தா. கேள்வியெல்லாம் கடைசியிலேன்னு சொன்னேன். மறுபடியும் இழுத்தா. நான் திரும்பினப்போ வானத்திலே ஒரு கோடு மாதிரி புகைதான் இருந்துச்சு. எனக்குப் பின்னாடியே போயிடுச்சு. பரவாயில்லை, பார்க்கறதைவிடப் புரிஞ்சுக்கறதுதான் முக்கியம். நான் முழுசாப் புரிஞ்சு வெச்சிருந்தேன்.

இப்போ லிஃப்ட் விஷயத்துக்கு வர்றேன். அதைப் பத்தி இங்கே நாலு பேர் நாலு விதமாச் சொல்வாங்க. நடந்தது இதுதான்.

மாசத்துக்கு ஒரு நாள் பராமரிப்புக்காகப் பகல்ல கரண்ட் நிறுத்துவாங்க, பேப்பர்ல முன்னாடியே போட்டுடுவாங்க. சித்திரை மாசம். நான் அந்த நாளுக்காகக் காத்துக்கிட்டிருந்தேன். கரண்ட் போற நேரத்துக்கு எல்லாரும் கீழே வாங்க, ஊரே கரண்ட் இல்லாம இருக்கும்போது நம்ம லிஃப்ட் ஓடறதைக் காட்டறேன்னு அழைப்பு விட்டேன். வந்தாங்க. டீச்சர், வஜ்ரவேலு, முதல் மாடி பாங்க்காரர், அவர் சம்சாரம், இன்னும் சில பேர். இதோ, நாம உக்காந்திருக்கோமே, இதே இடத்திலே. வெயில்னா அப்படி ஒரு வெயில். வர்றவங்களுக்குத் தாகமா இருக்குமேன்னு வனஜாகிட்ட நீர்மோர் கலந்து எடுத்துக்கிட்டு வான்னு சொல்லிட்டு நான் முன்னாடியே இறங்கி வந்துட்டேன். எங்க வீடு நாலாவது மாடி.

நான் பேசிக்கிட்டிருக்கும்போதே விசிறி நின்னுச்சு. கரண்ட் போயிடுச்சு. நான் போய் லிஃப்ட் பட்டனை அழுத்தினேன். விளக்கு எரியலை. மறுபடியும் அழுத்தினேன். வஜ்ரவேலு, "என்ன சார், சூரியன் லீவா?"ன்னார். நாலு பேர் சிரிச்சாங்க.

நான் கம்பெனிக்குப் போன் பண்ணினேன். அவங்க சொன்னதைக் கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்துப்போச்சு. தெருவிலே கரண்ட் இல்லாதப்போ நம்ம பலகை தானாவே நின்னுடுமாம். ஏன்? கம்பத்திலே ஏறி வேலை பார்க்கறவர் கரண்ட் இல்லைன்னு நம்பிக் கம்பியைத் தொடுவார். அந்த நேரத்திலே நம்ம வீட்டுச் சூரிய மின்சாரம் அந்தக் கம்பிக்குப் போயிட்டா அவர் உயிருக்கு ஆபத்து. அதனாலே மிஷின் தானா உணர்ந்து நிறுத்திடுது. பேட்டரி இருந்தா வீட்டுக்குள்ளே தனியா ஓட்டிக்கலாம், இல்லைன்னா நிறுத்தம். எவ்வளவு கருணையான ஏற்பாடு பாருங்க. இதை உடனே எல்லாருக்கும் சொல்லியாகணும்னு தோணுச்சு. சொன்னேன். தோல்வி மாதிரித் தெரியறது உண்மையிலே வெற்றி, நம்ம கருவி சரியா வேலை செய்யறதாலேதான் லிஃப்ட் ஓடலைன்னு ஆரம்பிச்சு முழுசா விளக்கினேன்.

நடுவிலே டொக் டொக்னு ஒரு சத்தம். முதல் மாடியிலே தச்சு வேலை நடக்குதுன்னு நினைச்சேன். "அதைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்கப்பா, பேச முடியலை"ன்னேன். கொஞ்ச நேரத்திலே அது நின்னுடுச்சு. மோர் இன்னும் வரலையேன்னும் மனசிலே ஒரு ஓரமா நினைச்சுக்கிட்டேன். தொண்டை காய்ஞ்சு போயிருந்துச்சு.

டீச்சர்தான் திடீர்னு எழுந்தாங்க.

"வனஜா எங்கே?"

"மோர் எடுத்துக்கிட்டு வந்துக்கிட்டிருக்கா"ன்னேன்.

அவங்க என்னைப் பார்த்தாங்க. லிஃப்ட் கதவைப் பார்த்தாங்க. அப்புறம் ஓடினாங்க சார், அந்த வயசிலே, ரெண்டு ரெண்டு படியா. வஜ்ரவேலுவும் பின்னாடியே ஓடினார். ஒருத்தரோட ஒருத்தர் பேசியே வருஷக்கணக்கா ஆச்சு. மேலே மிஷின் ரூம்ல போய், சக்கரத்தைக் கையாலே சுத்தி லிஃப்டை இறக்கணும். அவர் சுத்தினார், இவங்க பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டாங்க. லிஃப்ட் முதல் மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் நடுவிலே நின்னிருக்கு. அதாவது எங்க தலைக்கு மேலேயே. மெல்ல மெல்ல இறங்கி வந்துச்சு. பாங்க்காரர் கதவைத் திறந்தார்.

வனஜா மூலையிலே தரையிலே உக்காந்திருந்தா. முகமெல்லாம் வேர்த்து, முடியெல்லாம் நெத்தியிலே ஒட்டிக்கிட்டு. மோர்த் தூக்கை மடியிலே வெச்சு ரெண்டு கையாலேயும் பிடிச்சிருந்தா. ஒரு சொட்டு சிந்தலை. டீச்சர் மூச்சு வாங்கிக்கிட்டு இறங்கி வந்து அவளைக் கைத்தாங்கலாப் பிடிச்சு இந்த நாற்காலியிலே உக்காரவெச்சாங்க. தண்ணி குடிச்சா. அப்புறம் எழுந்து எல்லாருக்கும் மோர் ஊத்திக் கொடுத்தா. எனக்கும் கொடுத்தா. எல்லாரும் தலையைக் குனிஞ்சுக்கிட்டுக் குடிச்சாங்க. விட்ட இடத்திலேர்ந்து தொடரலாமான்னு யோசிச்சேன், டீச்சர் முகத்தைப் பார்த்துட்டு வேண்டாம்னு விட்டுட்டேன்.

மாடிப்படியிலே மெதுவா ஏறி வீட்டுக்குப் போனோம். அவ விசிறி மட்டையாலே ரொம்ப நேரம் விசிறிக்கிட்டிருந்தா. அப்புறம், "உள்ளே இருந்து எல்லாம் கேட்டுது"ன்னா.

"புரிஞ்சுதா?"ன்னு கேட்டேன்.

"புரிஞ்சுது"ன்னா.

எனக்கு ஒரு திருப்தி. முப்பத்தாறு வருஷத்திலே விஞ்ஞானத்தைப் பத்தி நான் சொன்னதை முதல் தடவையா முழுக்கக் கேட்டிருக்கா. வேற வழி இல்லாமத்தான் கேட்டான்னு வெச்சுக்குங்க, ஆனா கேட்டா. அதுக்கப்புறம் அவ லிஃப்ட்ல ஏறறதில்லை. நாலு மாடியும் நடைதான். உடம்புக்கு நல்லதுதான்னு நானும் சொன்னேன்.

அடுத்த தேர்தல் வந்துச்சு. ஒரு நாள் சாப்பாடு பரிமாறும்போது, "டீச்சர் என்னை நிக்கச் சொல்றாங்க. வஜ்ரவேலு அண்ணனும் சொல்றார். சரின்னுட்டேன்"னா.

"எதிரே நிக்கறது நானாச்சே."

"தெரியும்"னா. "ரசம் விடட்டுமா?"

அவ்வளவுதான் சார் எங்க வீட்டு அரசியல் விவாதம். டீச்சரும் வஜ்ரவேலுவும் நிக்கலை. வேனை எங்கே நிறுத்தறதுன்னு ரெண்டு பேரும் அந்த மிஷின் ரூம்லயே பேசி முடிச்சுட்டாங்களாம். நானும் வனஜாவும் மட்டும். நான் வீடு வீடாப் போய் ஓட்டுக் கேட்டேன். அவ கேட்கலை. நான் போன இடத்திலே எல்லாம் முதல்ல அவ உடம்பு எப்படி இருக்குன்னு விசாரிச்சாங்க. நல்லா இருக்கான்னு சொல்லிட்டு என் கொள்கையை எடுத்து வெச்சேன். காபி கொடுத்தாங்க. நல்ல அறிகுறின்னு நினைச்சேன்.

தேர்தல் அன்னிக்குக் காலையிலே துபாய்க்காரர் உள்பட எல்லாரும் வந்துட்டாங்க. மீட்டர் ரூம் வாசல்ல போர்வையைக் கட்டித் தடுப்பு பண்ணியிருந்தோம். என் முறைப்படி, என் ஏற்பாட்டிலே. வரிசையிலே போய் நின்னேன். டீச்சர் மேஜை போட்டு உக்காந்திருந்தாங்க. "சார், வீடு வனஜா பேர்ல இருக்கு. உங்களுக்கு ஓட்டு இல்லையே"ன்னாங்க. எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு. சட்டம் எழுதினவனையே சட்டம் வெளியிலே நிறுத்துதுன்னா அது எவ்வளவு உறுதியான சட்டம். அதை அங்கேயே எல்லாருக்கும் சொன்னேன்.

வனஜா உள்ளே போனா. ரொம்ப நேரம் வரலை சார். ரெண்டு பேர் பேருக்கு நேரா ஒண்ணு, ரெண்டுன்னு போடணும், அவ்வளவுதானே? பழக்கம் இல்லை பாவம். இத்தனை வருஷமா நான்தானே போட்டுக்கிட்டிருந்தேன். உள்ளே போய் உதவி பண்ணட்டுமான்னு கேட்டேன். டீச்சர் எழுந்து போர்வைக்கு முன்னாடி வந்து நின்னுக்கிட்டாங்க. வனஜா சீட்டை நாலா மடிச்சுக் கொண்டுவந்து டப்பாவிலே போட்டா. யாரையும் பார்க்காம மாடிப்படி ஏறிப் போயிட்டா.

எண்ணினாங்க. வனஜாவுக்கு முதல் விருப்பம் பதினொண்ணு. எனக்கு ஒண்ணு.

ஆமாம், இப்போ செயலாளர் அவதான். உங்களுக்குச் சாவி கொண்டுவரப் போறவ என் சம்சாரம்தான். நல்லாத்தான் நடத்தறா, குறை சொல்லக்கூடாது. என் பலகையை எடுக்கலை. பேட்டரி வாங்கி வெச்சா. மாடியிலே பாதியைப் பிரிச்சு, துணி காயப்போட இடம் விட்டா. இப்போ கரண்ட் போனாலும் லிஃப்ட் ஓடுது. ஆக என்னோட எரிசக்திக் கொள்கை அப்படியேதான் தொடருது, பேட்டரின்னு ஒரு சின்னத் திருத்தத்தோட.

நான் தோத்ததைப் பத்தி எனக்குத் துளிகூட வருத்தம் இல்லை. என்னை அரிச்சுக்கிட்டிருக்கறது வேற. அந்த ஒரு ஓட்டு.

யார் போட்டது? நான் இல்லை, எனக்கு ஓட்டே கிடையாது. மத்த பதினோரு வீட்டுக்காரங்ககிட்டயும் நானே கேட்டேன். பொதுவாக் கேட்கக்கூடாது, ரகசிய வாக்கு, ஆனா ஆராய்ச்சிக்காகக் கேட்டேன். டீச்சர், "வனஜாவுக்குத்தான், சந்தேகமே வேண்டாம்"னாங்க. வஜ்ரவேலு, "அந்தம்மாவுக்குத்தான் சார், மனசிலே வெச்சுக்காதீங்க"ன்னார். பாங்க்காரர் தலையைச் சொறிஞ்சுக்கிட்டு அதையே சொன்னார். துபாய்க்காரர் அங்கேர்ந்து போன்லயே சொன்னார். பதினோரு பேரும் மூஞ்சிக்கு நேரா வனஜான்னுட்டாங்க. வனஜா தனக்குப் போட்டுக்கிட்டது ஒண்ணு. ஆக பன்னிரண்டு வந்திருக்கணும். ஆனா டப்பாவிலே பதினொண்ணுதான் இருந்துச்சு. கணக்கு இடிக்குதா இல்லையா?

அப்போ யாரோ ஒருத்தர் என்கிட்ட பொய் சொல்றாங்க. எனக்கு ஓட்டுப் போட்டுட்டு, ஊர் என்ன சொல்லுமோன்னு பயந்து மறைக்கறாங்க. அவ்வளவு பேர் ஒரு பக்கம் சாயும்போது, லிஃப்ட் அது இதுன்னு எல்லாம் நடந்ததுக்கப்புறமும், என்னை முதலாவதா நினைச்ச ஒரு ஜீவன் இந்தக் கட்டிடத்திலே இருக்கு. அது யாருன்னு தெரிஞ்சா போய் ஒரு வார்த்தை நன்றி சொல்லணும்னு மனசு கிடந்து அடிச்சுக்குது சார். பாங்க்காரராத்தான் இருக்கணும். விளக்கும்போது தலையாட்டிக்கிட்டே இருப்பார். இல்லைன்னா மூணாவது மாடியிலே ஒரு வயசானவர் இருக்கார், அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், ஆனா கூர்மையான மனுஷன்.

வனஜாகிட்டயும் இதைப் பத்திப் பேசினேன். ரெண்டு பேருமா உக்காந்து யோசிச்சா கண்டுபிடிச்சுடலாமேன்னு. அவ கீரை ஆய்ஞ்சுக்கிட்டிருந்தா. நிமிரவே இல்லை. "ரகசியம்னு சட்டம் போட்டது நீங்கதானே, விட்டுடுங்க"ன்னா. சிரிச்ச மாதிரியும் இருந்துச்சு. ஜெயிச்சவங்களுக்கு அந்த ஒரு ஓட்டு கிடைக்காதது கொஞ்சம் உறுத்தும், இயற்கைதான்.

என்ன சார், என்னமோ சொல்ல வந்தீங்க. வனஜாவா?

சேச்சே. நீங்க இந்த முறையைச் சரியாப் புரிஞ்சுக்கலை. போட்டியிலே நிக்கறவங்க எதிராளிக்கு முதல் விருப்பம் போடவே மாட்டாங்க. ஓட்டு சாஸ்திரத்திலே முதல் பாடமே அது. அதுவும் அவ, அந்த வெயில்ல அந்தப் பெட்டிக்குள்ளே கதவைத் தட்டிக்கிட்டு உக்காந்திருந்தவ, வெளியிலே என் குரலைக் கேட்டுக்கிட்டே. போய் எனக்கா போடுவா? தனக்குன்னு முதல் தடவையாக் கையிலே வந்த ஓட்டை?

அவ்வளவு விவரம் கெட்டவ இல்லை சார் அவ.